இரண்டாவது நபர்

ஜூன் 3, செவ்வாய்

சிந்துஜாவின் பட்டச் சான்றிதழ் இன்று கண்ணாடி போட்டு வந்தது. பி.காம்., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். ஆணி அடித்து மாட்டியது நான். நான் ஒன்பதாவதோடு நின்றது படிப்பு வராமல் அல்ல. எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் மேற்கொண்டு சரக்கு இல்லை.

சிந்துஜா என் அக்கா வசந்தாமணியின் ஒரே பெண். மச்சான் லாரியில் மாதத்துக்கு இருபது நாள் வடக்கே இருப்பார். ஆகவே அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியது, பள்ளியில் சேர்த்தது, சைக்கிள் பழக்கியது எல்லாமே தாய்மாமனான நான்தான். எனக்கு முப்பது வரன் வந்தும் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டின் பின் போர்ஷனிலேயே இருந்துகொண்டேன்.

இதுவரை நூற்று நாற்பது கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். எல்லாவற்றுக்கும் இரண்டே நிமிடத்தில் "மன்னிக்கவும்" என்று பதில் வருகிறதாம்.

"யாரப் பாக்கோணும்னு சொல்லு கண்ணு, நான் பாக்கறேன்" என்றேன். சிங்காநல்லூர் வட்டாரத்தில் முப்பத்திரண்டு பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்.

"யாரையும் பாக்க முடியாதுங்க மாமா. மிஷின்தான் படிச்சுப் பாத்து வேண்டாம்னு சொல்லுது."

"அந்த மிஷினு யாரு பேச்சக் கேக்கும்?"

"அது தெரிஞ்சா நானே போய்ப் பேசிருப்பேனே!"

ஜூன் 5, வியாழன்

ஆபீசுக்குப் போனேன். குளக்கரையில் நல்ல காற்று, காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் கோழிக்குழம்பு. ஞானசேகரன் வந்திருந்தான். மச்சானின் தம்பி, சிந்துஜாவுக்குச் சித்தப்பா. பீளமேட்டில் மூன்றாவது மாடியில் ஃபிளாட், சாஃப்ட்வேர் வேலை. ஏசியிலேயே இருந்து வெளுத்துப்போன ஆள். நான் வெயிலில் நின்றவன், அதனால்தான் நிறம் மட்டு.

இலை எடுப்பதற்குள் சிந்துஜா "சித்தப்பா சொன்னாங்க" என்று பதினொரு தடவை சொன்னாள். எண்ணினேன். சித்தப்பா சொன்னாங்க, பயோடேட்டா ஒரே பக்கத்தில் இருக்கணும். சித்தப்பா சொன்னாங்க, கேமராவைப் பார்த்துப் பேசணும். சித்தப்பா சொன்னாங்க, மெதுவாப் பேசணும். மாமா சொன்னது ஒன்றுகூட அந்த இலையில் விழவில்லை.

தினமும் காலையில் அவன் ஃபிளாட்டுக்குப் போய்த்தான் பயிற்சி செய்கிறாளாம். தனி மேசை, தனி நாற்காலி, காதில் மாட்டும் மைக்கு.

"மச்சானுக்கு மில்லுல இப்ப எப்படிப் போகுதுங்க?" என்று என்னைக் கேட்டான்.

"நான் இல்லாட்டி சங்கு ஊத மாட்டாங்க மாப்ள" என்றேன்.

இதில் பொய் இல்லை. மில் டைம் ஆபீசில் இருபத்தாறு வருடம் தொழிலாளிகளின் வருகைப் பதிவு என் பேனாவில் இருந்தது. ஏப்ரலில் வாசலில் முகம் பார்க்கும் மிஷின் மாட்டினார்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராக்கியப்பன், நீங்க உழைச்சது போதும். வேணும்னா நாங்களே கூப்பிடறோம்" என்றார். அப்படி ஒரு மரியாதை அந்த மில்லில் யாருக்கும் கிடைத்தது இல்லை, என்னோடு அன்றைக்குக் கிடைத்த இன்னும் நான்கு பேரைத் தவிர. அக்காவிடம் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.

ஜூன் 12, வியாழன்

ஒரு கம்பெனி சிந்துஜாவை வேண்டாம் என்று சொல்லவில்லை! சரவணம்பட்டியில் இருக்கிறது. மற்ற கம்பெனிகளுக்காக ஆன்லைனில் பரீட்சையும் இன்டர்வியூவும் நடத்திக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். வரும் செவ்வாய் பத்து மணிக்கு இன்டர்வியூ. கேள்வி கேட்பது மிஷின். நாற்பது நிமிடம் அறையில் இவளைத் தவிர ஓர் ஈ இருக்கக் கூடாது.

அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதும் இல்லைனா ஆடி பொறந்ததும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போயிரு. என் கூட்டாளி சொல்லி வெச்சிருக்கறா. துணி செக்கிங். ஹாஸ்டல்லயே தங்கிக்கலாம்." சிந்துஜா தட்டைக் கழுவப் போனாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள்.

ஜூன் 14, சனி

இன்டர்வியூவுக்கு என்று பட்டுச் சேலை எடுத்து வந்தேன். அரக்கு நிறம், தாமரை பார்டர். கடைக்காரரே எழுந்து நின்று கும்பிட்டார். ஞானம் ஓர் இளநீலச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். நெசவே இல்லாத மாதிரி ஒரு துணி.

"மாமா, இத மொத நாள் வேலைக்குக் கட்டிக்கறேனுங்க" என்றாள். அதுவும் சரிதான். சட்டை பரீட்சைக்கு, சேலை வெற்றிக்கு.

ஜூன் 16, திங்கள்

பெரிய வாக்குவாதத்தில் ஜெயித்தேன். இன்டர்வியூ ஞானத்தின் ஃபிளாட்டில் நடக்க இருந்தது. "தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்ப நல்ல காரியம் எதுக்குக்கா அடுத்தவன் வீட்ல?" என்று கேட்டேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "சரி, இங்கயே பண்ணட்டும், உன்ற வாய என்னால அடைக்க முடியாது" என்றாள். ஞானம் லேப்டாப்பைக் கொண்டுவந்து தர வேண்டியது. அவ்வளவுதான் அவன் பங்கு.

மருதமலைக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்தேன். குருக்கள் மற்றவர்களுக்குக் கிள்ளிக் கொடுத்தார், எனக்கு அள்ளிக் கொடுத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

இன்டர்வியூ பிரமாதமாக முடிந்தது.

ஒன்பதரைக்கு ஞானம் லேப்டாப்போடு வந்தான். வயரை மாட்டினான், ஜன்னலைச் சாத்தினான். போகும்போது சிந்துஜாவின் தலையில் உள்ளங்கையை வைத்து, "பயப்படாத, தெரிஞ்சதச் சொல்லு" என்றான். அவள் கண்ணை மூடி நின்றாள். அந்த நேரம் பார்த்து நான் குடிதண்ணீர்க் குழாயடியில் இரண்டு குடத்தோடு மாட்டிக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. குடத்தைத் தூக்கி வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன். மடியில் மருதமலைத் திருநீறு. ஒருத்தன் கை வைத்து அனுப்பிவிட்டான், தாய்மாமன் கை இன்னும் படவில்லை. அப்படி ஒரு காரியம் எங்கள் பக்கத்தில் நடந்தது உண்டா? பதினைந்து நிமிடம் பொறுத்தேன். மிஷினுக்குக் கண் ஒன்றுதான், அதுவும் நேராகத்தான் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். கதவை முடி அளவு திறந்து, முழங்காலில் ஊர்ந்து போய், பக்கவாட்டில் கையை மட்டும் நீட்டி, நெற்றியில் ஒரு கீற்று வைத்துவிட்டு வந்தேன். பட்டாளத்தில்கூட இப்படி ஊர்ந்திருக்க மாட்டார்கள்.

அவள் ஒரு விநாடி நிறுத்தினாள். பிறகு பேச்சு அருவி மாதிரி கொட்டியது. திருநீறு வேலை செய்தது.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். "தண்ணி குடுங்க மாமா" என்றாள். 

ஜூன் 18, புதன்

கம்பெனியிலிருந்து மெயில். விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். காரணம்: "அறையில் இரண்டாவது நபர்."

"அன்னேரம் யாருடா உள்ள போனது?" என்று அக்கா கேட்டாள்.

"யாரு போவா? அவன் லேப்டாப்புதான் ஓட்டை. ஒண்ண ரெண்டாக் காட்டியிருக்கும்" என்றேன். சில லேப்டாப் அப்படிக் காட்டும், கேள்விப்பட்டிருக்கிறேன்.

அக்கா போனை எடுத்து ஞானத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டை உடைசலக் கொண்டாந்து குடுத்து எம்புள்ள பொழப்பக் கெடுத்துப்போட்டீங்களே!" என்று ஆரம்பித்து, அவன் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனது வரைக்கும் போய்விட்டாள்.  ஞானம் திட்டு வாங்கிய நாள், நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இட்லி இறங்கவில்லை. மாவு புளிப்பு.

யார் வந்தது என்று சிந்துஜா அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

அவ்வளவு திட்டு வாங்கியும் ஞானம் வீட்டுக்கு வந்தான். சூடு சொரணை வேண்டாமா? ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறானாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் விளக்கம் கொடுத்தால் மறுபடியும் இன்டர்வியூ கிடைக்கலாம். அறைக்குள் வந்த நபரே கேமரா முன் உட்கார்ந்து, தான் யார், என்ன வேலை செய்கிறார், எதற்கு வந்தார் என்று சொல்ல வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். சொல்வதைச் சரிபார்ப்பார்கள். ஒன்று பொய்யானாலும் அந்தக் கம்பெனிக் கதவு சிந்துஜாவுக்கு நிரந்தரமாக மூடிவிடும்.

"யாரு வந்ததுன்னு நான் கேக்கலிங்க அண்ணி" என்றான் அக்காவிடம். பெரிய மனுஷனாம்.

ஜூன் 21, சனி

குளக்கரையில் புங்க மரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்தேன். எதிரே சிந்துஜா ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"அடடே, கண்ணு! ஆபீசுல இப்பத்தான் ஒரு சின்ன ரெஸ்ட்டு குடுத்தாங்க..."

"மில்லுக்குப் போயிட்டுத்தானுங்க மாமா வாரேன்."

"கேட்டுல இருந்தவன் என்ன சொன்னான்?"

குளத்தைப் பார்த்தாள். "நீங்க லீவுன்னு சொன்னாருங்க."

நல்லவன் அந்த வாட்ச்மேன். என்மேல் எப்போதும் மரியாதை.

பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்தே ஒரு வாய் தக்காளிச் சாதம் எடுத்துத் தின்றாள். பிறகு போனைக் காட்டினாள். மெயிலோடு ஒரு படம் வந்திருந்தது. நீலச் சட்டை, பாதி முகம், பக்கத்திலிருந்து நீண்ட ஒரு கை. செப்புக் காப்பு, விரலில் மை படிந்த காய்ப்பு. படம் தெளிவாக விழுந்திருந்தது. என் கை எந்தப் படத்திலும் நன்றாக விழும்.

"சாமி கையா இருக்கும் கண்ணு."

"சாமி எச்.எம்.டி. வாட்ச்சு கட்டுமுங்களா மாமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் அம்மாகிட்டச் சொல்லல. சித்தப்பாகிட்டயும் சொல்லல. ஆனா இத நீங்கதான் சொல்லோணும். உங்களுக்குப் பதிலா நான் சொல்ல முடியாது."

"நூத்து நாப்பது கம்பெனி இல்லியா கண்ணு? இது போனா இன்னொண்ணு."

"நூத்து நாப்பதுல இது ஒண்ணுதானுங்க மாமா என்ன உக்காரச் சொல்லுச்சு."

ஜூன் 22, ஞாயிறு

காய்ச்சல். நூற்றி ஆறு டிகிரி.

ஜூன் 23, திங்கள்

நூற்றி நாலு. ஞானம் பார்க்க வந்தான், மருந்து வாங்கி வந்தான். குடித்தேன், கசப்பு. கொடுத்த கை அப்படி.

கதவோரம் சிந்துஜா பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களைச் சீட்டில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கெட், மக்கு, பூட்டு. என் காதில் விழட்டும் என்று படிக்கவில்லை. மெதுவாகத்தான் படித்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

காய்ச்சல் விட்டது.

விளக்கம் சொல்லச் சிந்துஜாவோடு ஞானத்தின் ஃபிளாட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். லிஃப்ட் எனக்காகவே திறந்தது. சிந்துஜாவின் மேசையைப் பார்த்தேன். சுவரில் அவள் கையெழுத்தில் கேள்வி பதில் ஒட்டியிருந்தாள். அவள் காபி குடிக்கிற கப்புகூட அங்கே ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அவளுக்கென்று கப்பு கிடையாது, டம்ளர்தான்.

லேப்டாப் முன் உட்காரவைத்தார்கள். ஆதாரைக் காட்டினேன். ஒரு பெண் குரல் நல்ல தமிழில், "உங்கள் பெயரைக் கூறவும்" என்றது.

"கோவை சிங்காநல்லூர் வட்டாரத்துல நாப்பத்தஞ்சு பேருக்கு வேலை வாங்கிக் குடுத்த..."

"பெயரை மட்டும் கூறவும்."

இருபத்தாறு வருடம் பதிவேடு எழுதியவனைப் பார்த்து இப்படிப் பேசியது. ஆளாக இருந்தால் நடந்திருப்பதே வேறு. பெயரை மட்டும் சொன்னேன். உறவு, தாய்மாமன் என்றேன்.

அடுத்து, "தொழில்". திரையில் வரிசையாக வந்தது. வேலையில் இருப்பவர், சொந்தத் தொழில், மாணவர், வேலை தேடுபவர். முதலாவதை அமுக்கப் போனேன். உடனே கீழே ஒரு கட்டம் திறந்தது: நிறுவனத்தின் தொலைபேசி எண், விசாரிக்கப்படும்.

விரல் அப்படியே நின்றது.

பின்னால் ஞானம் நின்றுகொண்டிருந்தான். சிந்துஜா சட்டென்று, "சித்தப்பா, கீழ பேக்கரில டீ வாங்கியாறீங்களா?" என்றாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் அன்றைக்கு லீவு என்று சொல்லியிருக்க மாட்டான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞானம் செருப்பை மாட்டினான்.

"இரு மாப்ள" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் இல்லாமல் சொன்னால், இவள் எனக்காக இன்னொன்றையும் மூடி வைக்க வேண்டும். "ஏப்ரல்ல இருந்து எனக்கு வேலையில்ல. மொகம் பாக்கற மிஷினு வெச்சுட்டாங்க. சிந்து, அந்த நாலாவத அமுக்கு கண்ணு."

அவள் அமுக்கினாள்.

"அறைக்குள் ஏன் வந்தீர்கள்?" என்று குரல் கேட்டது. பிரசாதம் கொடுக்க என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு. அதை இரண்டு நாள் படுக்கையிலேயே பாடம் பண்ணியிருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"இதோ இவரு காலைல அவ தலைல கை வெச்சாருங்க. அவ கண்ண மூடி நின்னா. எனக்குப் பொறுக்கல. நானும் வெக்கோணும்னு போனேன். அவ என்னக் கூப்பிடல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் அவளுக்கு எதும் சொல்லிக் குடுக்கல, சொல்லிக் குடுக்க எனக்கு ஒண்ணும் தெரியவும் தெரியாதுங்க."

"நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது" என்றது.

ஞானம் டீ வாங்கி வந்தான். மூவரும் குடித்தோம். அவன் என்னை பைக்கில் கொண்டுவந்து விட்டான். வேகத்தடையில் மெதுவாகப் போகத் தெரியவில்லை அவனுக்கு.

அக்காவிடமும் சொன்னேன். கரண்டியை ஓங்கினாள். "அந்த மனுசன வாயில வந்ததெல்லாம் பேசிப்போட்டேனேடா, பாவி! ரெண்டு மாசமா எவனுக்குடா நான் விடியக்காலைல எந்திரிச்சு டப்பா கட்டுனேன்?" அப்புறம் அடுப்படிக்குள் போய் என் டிபன் டப்பாவைப் பரணில் ஏற்றினாள். வெளியே வந்து, "நாளைல இருந்து டப்பா கெடையாது. வீட்லயே உக்காந்து சூடாத் தின்னு" என்றாள்.

ஜூன் 28, சனி

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். புதன்கிழமை மறு இன்டர்வியூ. என் பேச்சில் கம்பெனியே அசந்துவிட்டதாக மெயிலில் இல்லை. ஆனால் வரிகளுக்கு நடுவே தெரிகிறது.

ஜூலை 2, புதன்

வீட்டில் சிந்துஜாவைத் தவிர ஒருவரும் இல்லை. அக்கா கோயிலுக்குப் போனாள். தெருவின் மேல்முனையில் நான், கீழ்முனையில் ஞானம். சத்தம் போடுகிற எதையும் உள்ளே விடக் கூடாது. என் பக்கம் பழைய இரும்பு வண்டி, கோலமாவு, ஒரு கட்சியின் மைக் ஆட்டோ. மூன்றையும் தனி ஆளாகத் தடுத்தேன். ஞானத்தின் பக்கம் ஒரே ஒரு தயிர்க்காரம்மா. அந்த அம்மாவும் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

ஜூலை 9, புதன்

வேலை கிடைத்துவிட்டது. பதினொரு மாத ஒப்பந்தம்.

சிந்துஜா முதலில் எனக்குத்தான் சொன்னாள். அதாவது ஞானத்துக்குப் போனில் சொல்லிவிட்டு, அக்காவுக்கு அடுப்படியில் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு நாக்பூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அதற்கு அப்புறம் முதலில் எனக்குத்தான்.

ஜூலை 14, திங்கள்

முதல் நாள். அரக்குச் சேலை கட்டிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது.

ஜூலை 20, ஞாயிறு

எனக்கு ஒரு பயோடேட்டா எழுதிக் கொடுத்தாள். அரைப் பக்கம்தான் வந்தது. நான் மூன்று பக்கம் சேர்த்தேன். அவள் மூன்றையும் கிழித்துவிட்டு, "இந்த அரைப் பக்கமே போதுமுங்க மாமா, எல்லாம் நெசம்" என்றாள். ஏழு இடத்துக்கு அனுப்பினோம். ஐந்து இடத்திலிருந்து "மன்னிக்கவும்" வந்துவிட்டது. இவளுக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட மிஷின் எனக்கு ஐந்து நிமிடம் யோசித்திருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

இன்றுதான் அவள் வேலை என்னவென்று விளக்கமாகக் கேட்டேன். இன்டர்வியூ நடக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் மிஷின் நிறுத்தி வைக்கிறது அல்லவா? அதில் மிஷினுக்கே சந்தேகமாக இருப்பதை எல்லாம் இவளுக்கு அனுப்புகிறது. இவள் பார்த்துவிட்டு, திருட்டு வேலையா இல்லையா என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு படம். இவள் அமுக்குவதைப் பார்த்துப் பார்த்து மிஷினும் பழகிக்கொள்கிறது. நன்றாகப் பழகிவிட்டால் இவளும் வேண்டியதில்லை. அதனால்தான் பதினொரு மாதம்.

"அப்பறம்?"

"அப்பறம் இன்னொரு நூத்து நாப்பது போடோணுமுங்க மாமா."

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். நேற்று ஒரு படம் வந்ததாம். வடக்கே எங்கேயோ ஓர் ஊர். பேர், ஊர் எல்லாம் சொல்லக் கூடாதாம். ஒரு பையன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு பெரியவர் கற்பூரத் தட்டோடு வந்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாராம்.

கற்பூரத் தட்டு! நான் வெறும் கையில் திருநீறோடு போனவன்.

"அந்தாளுக்கும் ஏழு நாளு குடுத்தீங்களா? உக்கார வெச்சுக் கேள்வி கேட்டீங்களா?"

"இல்லீங்க மாமா. பாத்த ஒடனே சரின்னு அமுக்கிட்டேன்."

"என்ன வேலைன்னுகூடக் கேக்கலியா?"

"கேக்கல."

"இப்படி எத்தன பேரு?"

"தெனமும் அஞ்சாறு பேராவது வந்துருவாங்க. அம்மாங்க மோர் கொண்டாருவாங்க, அப்பாங்க ஃபேன் போட வருவாங்க. எல்லாத்துக்கும் சரின்னுதான் அமுக்கறேன். கொஞ்ச நாள்ல மிஷினே அவங்கள விட்றும்."

சாப்பிட்டு எழுந்தும் எனக்கு அந்த வடக்கத்திக்காரர்மேல் வயிற்றெரிச்சல் தீரவில்லை. தட்டைச் சுற்றினார், போய்விட்டார். ஒரு கேள்வி கிடையாது. இனி வரப்போகிற மாமன்கள், அப்பன்கள், சித்தப்பன்கள் எல்லோரும் இப்படிச் சுலபமாகப் போய் வந்துவிடுவார்கள். அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை ஞானத்துக்கும் கிடையாது, கற்பூரத் தட்டுக்காரருக்கும் கிடையாது.